மக்பெத்: குற்ற உணர்வு அவனைத் தடுத்ததா, துரத்தியதா?

நள்ளிரவு வாசகன்:

ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே "செய்த பாவம் சும்மா விடாது" என்ற தீர்ப்போடு முடித்துவிடுகிறோம். கொன்றார்கள், மனசாட்சி உறுத்தியது, அழிந்தார்கள். தேர்வுத் தாளுக்கு இது போதும். நாடகத்தை முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் கணக்கு இவ்வளவு எளிதாக ஒத்துவரவில்லை.

ஸ்காட்லாந்து அரசர் டங்கனைக் கொல்வதற்கு முன்பே அது எவ்வளவு பெரிய குற்றம் என்று மக்பெத்துக்குத் தெரியும். முதல் அங்கத்தின் கடைசிக் காட்சியில் விருந்திலிருந்து எழுந்து வந்து தனியாக நின்று காரணங்களை அடுக்குகிறான். நான் அவருக்கு உறவினன், அவருடைய குடிமகன், இன்றிரவு அவருக்கு விருந்தளிப்பவன். கொலைகாரன் வந்தால் கதவை அடைக்க வேண்டிய நானே கத்தியைத் தூக்கலாமா என்கிறான். டங்கன் நல்ல அரசர் என்பதையும் அவன்தான் சொல்கிறான். இத்தனையும் தெரிந்துதான் கொல்கிறான்.

கொன்ற பின்பாவது அந்த உணர்வு அவனை நிறுத்துகிறதா? உறக்கம் போகிறது, நிம்மதியாக உறங்க வேண்டும் என்பதற்காகப் சக தளபதி பாங்க்வோவைக் கொல்ல ஆள் அனுப்புகிறான். பாங்க்வோவின் ஆவி விருந்தில் வந்து உட்காருகிறது, அந்த நடுக்கம் அடங்குவதற்குள் "மக்டஃப் ஏன் வரவில்லை?" என்று ஃபைஃப் பிரபுவைப் பற்றிக் கேட்கிறான். குருதிக்குள் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன், இனித் திரும்புவதும் கடந்து போவதும் ஒரே பாடுதான் என்று சொல்வதும் அதே காட்சியில்தான். உறுத்தலைத் தாங்க முடியாதவன், உறுத்தலை ஒழிக்க மேலும் கொல்கிறான். கடிவாளமாக இருக்க வேண்டிய குற்ற உணர்வு இந்த நாடகத்தில் சவுக்காகிவிடுகிறது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

நெடுங்கணக்கு:

மறுக்கத்தான் வந்தேன். நீங்கள் குற்ற உணர்வு என்று பெயர் வைத்திருப்பதில் பாதிக்கு மேல் வெறும் அச்சம். 3ஆம் அங்கத்தில் பாங்க்வோவைப் பற்றி அவன் தனியே பேசுவதைப் படியுங்கள். அரசனாக இருப்பது பெரிதில்லை, பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று தொடங்குகிறான். பாங்க்வோவின் வாரிசுகள்தான் அரசாள்வார்கள் என்று சூனியக்காரிகள் சொல்லியிருந்தார்கள். பாங்க்வோவின் பிள்ளைகளுக்காகவா நான் என் மனத்தைக் கறைப்படுத்திக்கொண்டேன், என் ஆன்மாவைச் சாத்தானிடம் கொடுத்தேன் என்று பொருமுகிறான். ஆன்மாவை இழந்ததற்கு அழவில்லை, விற்ற விலை கட்டுப்படியாகவில்லை என்றுதான் அழுகிறான். பாங்க்வோவின் மகன் ஃப்ளீயன்ஸ் தப்பிவிட்டான் என்று கொலைகாரன் வந்து சொன்னதும் "என் நோய் திரும்ப வந்துவிட்டது, அவனும் செத்திருந்தால் நான் முழுமையாக இருந்திருப்பேன்" என்கிறான். ஒரு சிறுவன் உயிரோடு இருக்கிறானே என்று நோகிறவனுக்கு மனசாட்சி நோகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நள்ளிரவு வாசகன்:

3ஆம் அங்கத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் 2ஆம் அங்கத்தை எங்கே வைப்பீர்கள்? டங்கனைக் கொன்றுவிட்டுக் கைகளில் குருதியோடு வெளியே வருகிறான். மனைவியிடம் அவன் திரும்பத் திரும்பச் சொல்வது என்ன? பக்கத்து அறையில் படுத்திருந்தவர்கள் இறைவனை வேண்டியபோது தன் வாயில் "ஆமென்" வரவில்லை என்கிறான். அகப்பட்டுவிடுவோமோ என்று அஞ்சுகிறவனுக்கு ஆமென் வராததைப் பற்றி என்ன கவலை? அவள் "இதை இவ்வளவு ஆழமாக யோசிக்காதீர்கள், பைத்தியம் பிடித்துவிடும்" என்கிறாள். அவனோ ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அதிலேயே நிற்கிறான்.

காட்சியின் கடைசி வரியும் இருக்கிறது. கோட்டைக் கதவை யாரோ தட்டுகிறார்கள். "தட்டி டங்கனை எழுப்பு, உன்னால் முடிந்தால் நன்றாக இருக்கும்!" இதில் அச்சம் எங்கே? செய்ததைச் செய்யாததாக்க முடியாதா என்ற ஏக்கம் அப்பட்டமாக நிற்கிறது.

பழைய ஏடு:

இருவருக்கும் பொதுவாக ஒரு தகவல். ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்று நூலிலிருந்து. 1587இல் வந்த இரண்டாம் பதிப்பு அவர் கையில் இருந்தது. நீங்கள் பிரிக்கப் பார்க்கும் இரண்டையும் அந்த நூல் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போடுகிறது. மனசாட்சியின் குத்தல்தான் மக்பெத்தை ஓயாமல் அஞ்சச் செய்தது, தான் பிறருக்கு ஊற்றிய அதே கோப்பை தனக்கும் வந்துவிடுமோ என்று நடுங்கினான் என்பது அங்குள்ள செய்தி. அச்சத்துக்குத் தாய் குற்ற உணர்வு என்பது ஷேக்ஸ்பியருக்கு முன்பே அந்தக் கதையில் இருந்தது.

கொலையின்போது நாடகத்தில் வரும் "இனி உறக்கம் இல்லை" என்ற குரல்கூட அந்த நூலில் மக்பெத்துக்குக் கேட்கவில்லை. கென்னத் என்ற வேறொரு அரசன், தன் உறவினனான இளவரசனைக் கொல்லச் செய்துவிட்டு, இரவில் படுக்கையில் ஒரு குரலைக் கேட்கிறான். மனைவி தூண்ட, வீட்டுக்கு வந்த அரசனைக் கொல்வது இன்னொரு கதை. அங்கே கொலையுண்டவர் டஃப் என்ற அரசர். வரலாற்று மக்பெத் 1040இல் டங்கனைப் போர்க்களத்தில் வீழ்த்தி, 1057 வரை 17 ஆண்டுகள் ஆண்டவர். அதில் பத்து ஆண்டுகள் நல்லாட்சி என்று ஹாலின்ஷெட்டே எழுதுகிறார். அந்தப் பத்து ஆண்டுகளை ஷேக்ஸ்பியர் தூக்கி எறிந்துவிட்டார். உறுத்தல் ஆறுவதற்கு அவனுக்கு ஒரு வாரம்கூடக் கிடைக்காததுபோல நாடகம் ஓடுகிறது. இது கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாம் சாமம்:

நான்கு பதிவுகள் தாண்டியும் லேடி மக்பெத் பேச்சில் வரவில்லை! இந்த நாடகத்தில் குற்ற உணர்வைப் பேசிவிட்டு அவளைப் பேசாமல் விடுவது எப்படி?

கொலை நடந்த இரவில் அவள் "கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவினால் போய்விடும்" என்கிறாள். கல்நெஞ்சக்காரி என்று இதை வைத்தே பலர் முடிவுகட்டுகிறார்கள். ஆனால் அதற்குச் சற்று முன்பு, தனியாக நிற்கும்போது, தூங்கும் கிழவர் என் தந்தையைப்போல இல்லாதிருந்தால் நானே செய்திருப்பேன் என்று அவள் வாயிலிருந்து நழுவுகிறது. திட்டத்தில் விரிசல் விழுந்தது அங்கேதான். அவள் அதை மூடிவிட்டு வேலையைப் பார்க்கிறாள். அவன் திரும்பக் கொண்டுபோய் வைக்க மறுத்த கத்திகளை இவள் எடுத்துப் போகிறாள், காவலர்கள்மேல் குருதியைப் பூசுகிறாள். அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். பின்னால் தூக்கத்தில் "அந்தக் கிழவருக்குள் இவ்வளவு குருதி இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?" என்று கேட்பது அன்று கண்ட காட்சியைத்தான்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 3ஆம் அங்கத்தின் 2ஆம் காட்சி. அரசியான பிறகு தனியாக நான்கே வரிகள் பேசுகிறாள். எல்லாவற்றையும் செலவழித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அழித்துப் பெற்ற இந்த மகிழ்ச்சியைவிட, அழிக்கப்பட்டவராக இருப்பதே நிம்மதி. உடனே கணவன் வருகிறான். அவனிடம் இதில் ஒரு சொல்லும் சொல்வதில்லை. "ஏன் தனியாக இருக்கிறீர்கள், முடிந்தது முடிந்ததுதான்" என்று அவனைத் தேற்றுகிறாள். அவனோ, இவள் சற்று முன் தனியாகச் சொன்னதையே தன் சொற்களில் சொல்கிறான்: கல்லறையில் டங்கன் நன்றாக உறங்குகிறார், இப்படி இரவெல்லாம் கனவில் வதைபடுவதைவிட இறந்தவர்களோடு இருப்பது மேல். ஒரே நோய் இருவருக்கும். ஒருவர் மற்றவரிடம் காட்டிக்கொள்வதில்லை. அடுத்ததாகப் பாங்க்வோ பற்றி அவள் கேட்டால், "உனக்கு இது தெரிய வேண்டாம் கண்ணே, முடிந்ததும் பாராட்டு" என்று விலக்குகிறான். கொலையை ஒன்றாகச் செய்தவர்களால் அதன் பாரத்தை ஒன்றாகச் சுமக்க முடியவில்லை. விருந்துக் காட்சிக்குப் பிறகு இருவரும் ஒரே மேடையில் நிற்கவே இல்லை.

பிறகு 5ஆம் அங்கம். முன்பு இருளே வா, என் கத்தி செய்யும் காயத்தை அது பார்க்காதபடி மூடு என்று அழைத்தவள், இப்போது பக்கத்தில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறாள். தோழி மருத்துவரிடம் சொல்லும் தகவல் இது. அதுவரை செய்யுளில் பேசியவள் இந்தக் காட்சியில் உரைநடையில் பேசுகிறாள். டங்கன், பாங்க்வோ, ஃபைஃப் பிரபுவின் மனைவி என்று மூன்று கொலைகளும் குழம்பி வருகின்றன. "ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாள், அவள் இப்போது எங்கே?" இந்த வரியை நிறுத்திப் படியுங்கள். மக்டஃபின் மனைவி கொலையில் இவளுக்கு எந்தப் பங்கும் இல்லை. திட்டம் தெரியாது, ஆள் அனுப்பவில்லை. ஆனாலும் அந்தக் குருதியும் தன் கையில் இருப்பதாக நினைத்துக் கழுவுகிறாள். செய்த கணவன் கடைசிச் சண்டை வரை அதைப் பற்றி வருந்தி ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை.

தினம் ஒரு வரி:

அவள் தற்கொலை செய்துகொண்டாள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நாடகத்தில் அது எங்கே வருகிறது?

மூன்றாம் சாமம்:

நாடகத்தின் கடைசிப் பேச்சில் டங்கனின் மகன் மால்கம் சொல்கிறான், அதுவும் "தன் கையாலேயே உயிரைப் போக்கிக்கொண்டாள் என்று கருதப்படுகிறது" என்ற அளவில்தான். மேடையில் நமக்குக் கிடைப்பது உள்ளே பெண்கள் அலறும் சத்தமும், அரசி இறந்துவிட்டாள் என்ற செய்தியும் மட்டும். தூக்கத்தில் நடந்த காட்சியின் முடிவில் மருத்துவர், தன்னைத் தானே காயப்படுத்தக்கூடிய எதையும் அவள் அருகில் வைக்காதீர்கள் என்று தோழியிடம் சொல்கிறார். அதனால் ஐயத்துக்கு இடம் குறைவு.

ஒற்றைச் சிலம்பு:

நம் பக்கம் பாண்டியன் நெடுஞ்செழியனை நினைக்காமல் இந்த விவாதத்தைப் படிக்க முடியவில்லை. "யானோ அரசன் யானே கள்வன்... கெடுகவென் ஆயுள்" என்று சொல்லி அரியணையிலிருந்து விழுந்து இறக்கிறான். தவறு தெரிந்த கணத்துக்கும் சாவுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. மக்பெத்துக்கு ஐந்து அங்கங்கள் தேவைப்படுகின்றன.

நெடுங்கணக்கு:

ஒப்பீடு அழகாக இருக்கிறது, பொருந்தவில்லை. பாண்டியன் தெரியாமல் செய்தான். பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்லச் செய்தான். உண்மை தெரிந்ததும் துடித்துச் சாக அவனால் முடிகிறது. மக்பெத் எல்லாம் தெரிந்து செய்தவன். அறியாமல் தவறியவனுக்கு அறிவு வருவது ஒரு திருப்பம். முன்பே அறிந்தவனுக்கு இனி என்ன தெரியவரப் போகிறது? அவனுக்குச் சாகவும் காரணம் இல்லை, நிறுத்தவும் காரணம் இல்லை. நள்ளிரவு வாசகன் சொல்ல வந்ததும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன், அவர் வேறு வழியில் வருகிறார்.

ஒற்றைச் சிலம்பு:

பொருந்தாத இடத்தைக் காட்டுவதற்காகத்தானே ஒப்பீடு!

திரைச்சீலை:

நூலை வைத்தே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மேடையில் இந்தக் கேள்வி வேறு மாதிரி வரும். பாங்க்வோவின் ஆவியாக ஒரு நடிகரை உட்கார வைப்பதா, நாற்காலியைக் காலியாக விடுவதா? 1794இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடிகர் கெம்பிள் நாற்காலியைக் காலியாக விட்டார். ஆவி மக்பெத்தின் மனத்தில்தான் இருக்கிறது என்ற முடிவு அது. நடிகர் வந்து அமர்ந்தால் பார்வையாளர்களும் மக்பெத்தோடு சேர்ந்து அதைப் பார்க்கிறார்கள், மற்ற விருந்தாளிகள்தான் குருடர்கள் ஆகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். குற்றவாளியின் கண்ணுக்குள் நம்மை உட்கார வைத்துவிடுகிறது. நாடகத்தின் மூலப் பிரதியும் ஆவி நுழைந்து மக்பெத்தின் இடத்தில் உட்காருகிறது என்றே சொல்கிறது. 1611இல் குளோப் அரங்கில் இதைப் பார்த்த சோதிடர் சைமன் ஃபோர்மன் எழுதிவைத்த குறிப்பிலும் ஆவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தது இருக்கிறது. கைக் குருதி எதனாலும் கழுவப்பட முடியாமல் போனதையும், அரசி தூக்கத்தில் நடந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதையும் அவர் மறக்காமல் குறித்திருக்கிறார்.

தூக்க நடைக் காட்சிக்கு வந்தால் நடிகை சாரா சிடன்ஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1785இல் அவர் லண்டனில் இந்தப் பாத்திரத்தை ஏற்றபோது, கைகளைக் கழுவுவதற்காக மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிடப் போவதாகச் சொன்னார். அதுவரை புகழ்பெற்றிருந்த நடிகை பிரிட்சர்ட் மெழுகுவர்த்தியைக் கையைவிட்டு இறக்கியதே இல்லை. அரங்க உரிமையாளர் ஷெரிடன் ஒப்பனை அறைக்கே வந்து தடுத்துப் பார்த்தார். சிடன்ஸ் கேட்கவில்லை. இரண்டு கையும் இல்லாமல் கறையை எப்படித் தேய்ப்பது? கறை உண்மையில் இருப்பதாக அவள் நம்ப வேண்டுமென்றால் கழுவும் வேலையும் உண்மையாக இருக்க வேண்டும். ஷெரிடனே பிறகு பாராட்டினார்.

தினம் ஒரு வரி:

கை கழுவினால் குற்ற உணர்வு குறைகிறது என்று 2006இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்து, அதற்கு மக்பெத் விளைவு என்றே பெயர் வைத்தார்களே?

நெடுங்கணக்கு:

பிறகு வேறு சிலர் அதே சோதனைகளைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. தவிர, நாடகத்தில் கழுவியதால் யாருக்கு என்ன குறைந்தது? அரேபியாவின் நறுமணங்கள் அனைத்தும் போதாது என்கிறாள். பெயர் வைத்தவர்கள் அந்தக் காட்சியை இன்னொரு முறை படித்திருக்கலாம்.

பழைய ஏடு:

பாங்க்வோவை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஹாலின்ஷெட்டில் அவன் கொலைக்கு உடந்தை. அவன் வழிவந்தவராகக் கருதப்பட்ட ஜேம்ஸ் 1603 முதல் இங்கிலாந்தின் அரியணையில் இருந்தார். 1606 வாக்கில் எழுதப்பட்ட நாடகத்தில் அவனைக் கொலைகாரனாகக் காட்ட வழியில்லை. ஷேக்ஸ்பியர் அவனை வெள்ளையடித்தார், ஆனால் முழுவதும் அடிக்கவில்லை. 3ஆம் அங்கம் திறக்கும்போதே "நீ இதற்காக மோசமான ஆட்டம் ஆடினாய் என்று அஞ்சுகிறேன்" என்று தனியாகச் சொல்கிறான். யாரிடமும் சொல்வதில்லை. தன் வாரிசுகளுக்குச் சூனியக்காரிகள் சொன்னதும் பலித்துவிட்டால் நல்லது என்று வாயை மூடிக்கொள்கிறான். இதற்கு அவன் நெஞ்சில் உறுத்தல் ஏதும் இருந்ததாக நாடகம் காட்டவில்லை. எனக்கு அவன் ஆவியைவிட இந்த மௌனம்தான் சங்கடமாக இருக்கிறது.

மூன்றாம் சாமம்:

அப்படியானால் மக்டஃபையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனைவியையும் குழந்தைகளையும் காவலின்றி விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போனவன். "பாவி மக்டஃப், உன்னால்தான் எல்லோரும் வெட்டப்பட்டார்கள்; அவர்கள் குற்றத்துக்காக அல்ல, என் குற்றத்துக்காக" என்று தன்மேல் எடுத்துக்கொள்கிறான். ஆண்மகனாகத் தாங்கிக்கொள் என்று மால்கம் சொன்னதற்கு, தாங்குவேன், ஆனால் ஆண்மகனாக அதை உணரவும் வேண்டும் என்கிறான். ஆண் என்றால் கொல்லத் துணிந்தவன் என்று லேடி மக்பெத் தன் கணவனை உசுப்பிய நாடகத்தில் இப்படி ஒரு பதில் வருகிறது. குற்ற உணர்வை மறைக்காமல் வாய்விட்டுச் சொல்கிற ஒரே ஆள் இவன்தான். பைத்தியம் பிடிக்காமல் இருப்பதும் இவனுக்குத்தான்.

நள்ளிரவு வாசகன்:

நல்ல இடம். இப்போது என் கட்சியை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். டங்கன் கொலையில் உறுத்தல் முன்பே வருகிறது. இல்லாத கத்தி ஒன்று காற்றில் தொங்குவதாக அவனுக்குத் தெரிகிறது. பாங்க்வோ கொலையில் உறுத்தல் பின்னால் வருகிறது, ஆவி உட்காருகிறது. மக்டஃபின் குடும்பத்தைக் கொன்றபோது முன்பும் இல்லை, பின்பும் இல்லை. இது தானாகத் தேய்ந்த தேய்வு இல்லை. விருந்து முடிந்ததும் அவனே மருந்து எழுதிக்கொள்கிறான்: நான் கண்ட உருவம் தொடக்கக்காரனின் அச்சம், பழக்கம் வந்தால் போய்விடும், நாம் இந்தச் செயலில் இன்னும் சிறுபிள்ளைகள். அடுத்த அங்கத்தில், இனி நெஞ்சில் முதலில் தோன்றுவதைக் கை உடனே செய்யும் என்கிறான். யோசிக்கும் இடைவெளியில்தான் மனசாட்சி பேசும் என்று கண்டுகொண்டு அந்த இடைவெளியை அடைக்கிறான்.

மருந்து வேலை செய்துவிட்டது. 5ஆம் அங்கத்தில் அலறல் கேட்கும்போது, அச்சத்தின் சுவையே ஏறக்குறைய மறந்துவிட்டது என்கிறான். மனைவி இறந்த செய்திக்கு "பிறகு எப்போதாவது இறந்திருக்கலாம்" என்று தொடங்கி வாழ்க்கைக்குப் பொருளே இல்லை என்று முடிக்கிறான். அவளுக்காக ஒரு கண்ணீர்த் துளி இல்லை. மருத்துவரிடம் நோயுற்ற மனத்துக்கு மருந்து இல்லையா என்று கேட்டவன் அவனே. முடியாது என்றதும் மருந்தை நாய்க்குப் போடு என்றான். கொலைகாரன் வதைபடுவது கொடுமை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வதை நின்றுபோன பிறகு அந்த மனிதனிடம் மிஞ்சியிருப்பதைப் பார்த்தால், வதைபட்ட நாட்களில் அவன் எவ்வளவோ மேல்.

நெடுங்கணக்கு:

முழுவதும் செத்துவிட்டது என்றால் கடைசிச் சண்டையில் மக்டஃபிடம் சொல்வதை என்ன செய்வீர்கள்? "மற்ற எல்லோரையும்விட உன்னைத்தான் தவிர்த்தேன். திரும்பிப் போ, உன் குடும்பத்தின் குருதியால் என் ஆன்மா ஏற்கெனவே கனத்திருக்கிறது." செத்த மனசாட்சி இப்படிப் பேசுமா? என் கட்சிப்படி இது அச்சம். மக்டஃபிடம் எச்சரிக்கையாக இரு என்று சூனியக்காரிகள் காட்டிய உருவங்களில் ஒன்று சொல்லியிருந்தது. தவிர்த்ததற்குக் காரணம் அதுதான்.

நள்ளிரவு வாசகன்:

அந்தக் கணத்தில் அவனுக்கு அச்சத்துக்குக் காரணமே இல்லையே. பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் தன்னைக் கொல்ல முடியாது என்று இன்னொரு உருவம் சொன்னதை அப்போதும் நம்பிக்கொண்டிருக்கிறான்; சற்றுப் பொருதிய பிறகு அதை மக்டஃபிடம் பெருமையாகவே சொல்கிறான். மக்டஃப் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் என்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது. வெல்வோம் என்று உறுதியாக நம்புகிறவன் எதிரியைத் திரும்பிப் போகச் சொல்கிறான் என்றால், அது அச்சமாக இருக்க முடியாது. அடியில் ஏதோ கொஞ்சம் உயிரோடு இருந்திருக்கிறது. ஏறக்குறைய செத்துவிட்டது என்பதற்கும் செத்துவிட்டது என்பதற்கும் நடுவில் இருக்கும் வரி இது.

திரைச்சீலை:

நடிகர்களுக்கு இது பெரிய தலைவலி. அந்த வரியைக் களைப்போடு சொன்னால் நள்ளிரவு வாசகனின் மக்பெத். கண்ணைப் பார்க்காமல் சொன்னால் நெடுங்கணக்கின் மக்பெத். ஏளனமாகச் சொன்னவர்களும் உண்டு, அது எனக்கு உவப்பில்லை.

நெடுங்கணக்கு:

மக்டஃப் எப்படி எடுத்துக்கொண்டான் என்பதையும் பாருங்கள். "என்னிடம் சொற்கள் இல்லை, என் குரல் என் வாளில்தான் இருக்கிறது" என்கிறான். நாடகம் முழுவதிலும் மக்பெத் தன்னால் பாதிக்கப்பட்டவர் முகத்துக்கு நேராகக் குற்றத்தை ஒப்புக்கொள்வது இந்த ஓர் இடத்தில்தான் என்றால், அதைக் கேட்டவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒப்புக்கொள்ளலா அச்சமா என்ற நம் சண்டையில் அவனுக்கு அக்கறையும் இல்லை. நான் இன்னும் அச்சம் என்றே சொல்வேன். ஆமென் காட்சிக்கு மட்டும் என்னிடம் பதில் தயாராகவில்லை.